க்ளூசோ எப்படிப் பிறந்தார், கார்ட்டூன் இன்ஸ்பெக்டர் அவர்தானா?

கேள்வி: "பிங்க் பாந்தர் படங்களில் வரும் இன்ஸ்பெக்டர் க்ளூசோ முதலில் எப்படி உருவானார்? 'தி இன்ஸ்பெக்டர்' கார்ட்டூனில் வருபவரும் அவரும் ஒருவர்தானா? இளஞ்சிவப்புச் சிறுத்தைக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்?"

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'பிங்க் பாந்தர்' என்பது துப்பறிவாளரின் பெயரோ திருடனின் பட்டப்பெயரோ கிடையாது. அது ஒரு வைரம். 1963இல் வந்த முதல் படத்தில் லுகாஷ் என்ற கற்பனை நாட்டு இளவரசி டாலாவுக்குச் சொந்தமான கல் அது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் சிறு குறை, பாயும் சிறுத்தைபோலத் தெரியும். அதனால்தான் அந்தப் பெயர். அந்த வைரத்தைத் திருட வருபவன் 'ஃபான்டம்'. அவனைப் பிடிக்க அலைபவர் பிரெஞ்சுப் போலீஸான சூரெத்தேயைச் சேர்ந்த ழாக் க்ளூசோ. படத் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும் டைட்டிலில் உலவும் சிறுத்தை, வைரத்தின் பெயரை வைத்து வரையப்பட்ட வேடிக்கை. ஆக, ஒரே படவரிசையிலிருந்து மூன்று வாரிசுகள்: சினிமா துப்பறிவாளர், கார்ட்டூன் சிறுத்தை, கார்ட்டூன் இன்ஸ்பெக்டர். மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

அந்த முதல் படம் க்ளூசோவுக்காக எழுதப்பட்டதே இல்லை. பிளேக் எட்வர்ட்ஸும் மாரிஸ் ரிச்லினும் எழுதிய கதையில் நாயகன் சர் சார்லஸ் லிட்டன், அதாவது ஃபான்டம். அந்த வேடத்தில் டேவிட் நிவென். பனிமலை விடுதி, பணக்காரர்கள், மயக்கும் பெண்கள், நடுவே நளினமான ஒரு நகைத்திருடன். படத்தின் திட்டம் அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் பாத்திரம், மனைவியே தன் கண்ணெதிரில் திருடனோடு கூட்டுச் சேர்ந்திருப்பதை அறியாத அப்பாவிக் கணவனுக்கான இடம். அதை நடிக்க ஒப்புக்கொண்டிருந்தவர் பீட்டர் உஸ்தினோவ். மனைவி சிமோனாக முதலில் பேசப்பட்டவர் ஆவா கார்ட்னர். அவர் வரவில்லை, காப்புசின் வந்தார். படப்பிடிப்பு தொடங்க மிகச் சில நாட்களே இருந்த நிலையில் உஸ்தினோவும் விலகிவிட்டார். அந்த அவசரத்தில்தான் பீட்டர் செல்லர்ஸ் ரோமுக்கு வரவழைக்கப்பட்டார்.

மீசைக்கும் விறைப்பான நிமிர்வுக்கும் மூலம் ஒரு தீப்பெட்டி என்று செல்லர்ஸ் சொல்லியிருக்கிறார். 1875இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் நீந்திக் கடந்த கேப்டன் மேத்யூ வெப்பின் படம் அந்தத் தீப்பெட்டியில் இருக்கும்: அடர்ந்த மீசை, முன்தள்ளிய மார்பு, வீரத்தோற்றம். வீரனின் முகத்தை ஒரு தடுமாறிக்கு வைத்தால் எப்படி இருக்கும் என்பதே அவர் பிடித்துக்கொண்ட நூல். ரோமில் விமான நிலையத்திலிருந்து காரில் வரும்போதே எட்வர்ட்ஸும் அவரும் மௌனப்படக் காலத்து விழுந்தெழும் நகைச்சுவையைப் பற்றிப் பேசி ஒத்துப்போனார்கள். எட்வர்ட்ஸ் லாரல்-ஹார்டி பக்தர். 1965இல் தான் எடுத்த 'தி கிரேட் ரேஸ்' படத்தை அவர்களுக்கே சமர்ப்பித்தவர். திரைக்கதையில் தாளில் இருந்த அப்பாவிக் கணவன், படப்பிடிப்புத் தளத்தில் வேறு ஆளாக மாறியது இந்த இருவரின் சேர்க்கையால்தான்.

க்ளூசோவின் முதல் காட்சியை மெதுவாகப் பாருங்கள். பாத்திரத்தின் இலக்கணம் முழுவதும் அதில் இருக்கிறது. அலுவலகத்தில் நின்று ஃபான்டமைப் பற்றிக் கம்பீரமாகப் பேசுகிறார். பக்கத்தில் இருக்கும் பெரிய உலக உருண்டையைக் கையால் சுழற்றிவிடுகிறார். பேச்சு தொடர்கிறது. அது இன்னும் சுழன்றுகொண்டிருக்கும்போதே அதன் மேல் கையை ஊன்றுகிறார். உருண்டை அவரைத் தரையில் தள்ளிவிடுகிறது. சிரிப்புக்கு இது பாதிதான். மீதிப் பாதி, எழுந்த பிறகு அவர் முகத்தில் இருக்கிறது. எதுவுமே நடக்காததுபோல, விட்ட இடத்திலிருந்து அதிகாரத்தோடு தொடர்கிறார். வரிசை இதுதான்: முதலில் பெருமிதம், அடுத்து சாதாரணமான ஒரு பொருள், அதன் மேல் கவனமில்லாத ஒரு செயல், வீழ்ச்சி, கடைசியாக மரியாதையைத் திரும்ப எடுத்துப் போட்டுக்கொள்ளும் அந்த இரண்டு நொடி. கடைசிப் படி இல்லாவிட்டால் அது வெறும் வழுக்கி விழுதல். பின்னாளில் இந்த வேடத்தை ஏற்ற பலரும் சறுக்கிய இடம் இந்தக் கடைசிப் படிதான்.

படம் இத்தாலியின் கோர்தினா தம்பெட்ஸோ பனிமலையிலும் ரோமின் சினெசித்தா ஸ்டுடியோவிலும் எடுக்கப்பட்டது. 115 நிமிடப் படத்தில் நிவென்தான் முதல் பெயர். ஆனால் பார்ப்பவர் நினைவில் நிற்பவை வேறு: ஸ்ட்ராடிவேரியஸ் வயலினை மிதிக்கும் கால், படுக்கையறையில் ஒளிந்திருக்கும் ஆள்களுக்கு நடுவே எதையும் கவனிக்காத கணவன், மாறுவேட விருந்தில் இரும்புக் கவசத்தோடு நடமாடப் பாடுபடும் போலீஸ்காரர். முடிவில் ஃபான்டம் என்ற பழி க்ளூசோவின் தலையிலேயே விழுந்து அவர் சிறைக்குப் போகிறார். தொடர் படங்கள் வரும் என்று நினைத்து எழுதிய முடிவாக அது தெரியவில்லை. நாயகனாக இருக்க வேண்டியவர் நிவென், படத்தைக் கொண்டுபோனவர் செல்லர்ஸ்.

இரண்டாவது படம் வந்த விதம் இன்னும் விசித்திரம். மார்செல் அஷார் எழுதிய ஒரு பிரெஞ்சு நாடகத்தை ஹாரி குர்னிட்ஸ் ஆங்கிலத்துக்குத் தழுவினார். 'எ ஷாட் இன் த டார்க்' என்ற பெயரில் 1961இல் பிராட்வேயில் மேடையேறியது. ஜூலி ஹாரிஸ், வால்டர் மத்தாவ், வில்லியம் ஷாட்னர் நடித்தார்கள். அதில் க்ளூசோ கிடையாது. கொலை வழக்கை விசாரிப்பவர் ஒரு விசாரணை நீதிபதி. செல்லர்ஸை வைத்து அதைப் படமாக்க ஏற்பாடு நடந்தது. முதலில் இயக்க இருந்தவர் அனதோல் லித்வாக். வேலை செல்லர்ஸுக்குப் பிடிக்கவில்லை, எட்வர்ட்ஸை அழைத்தார்கள். எட்வர்ட்ஸ் வைத்த தீர்வு, நீதிபதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் க்ளூசோவை வைப்பது. வில்லியம் பீட்டர் பிளாட்டியோடு சேர்ந்து திரைக்கதையை அடியோடு மாற்றி எழுதினார். ஆம், பின்னால் 'தி எக்ஸார்சிஸ்ட்' எழுதிய அதே பிளாட்டிதான். முதல் படம் அமெரிக்காவில் வெளியானது 1964 மார்ச்சில். இரண்டாவது அதே ஆண்டு ஜூனில். இடைவெளி மூன்று மாதம்தான்.

க்ளூசோ என்ற உலகம் முழுமையானது இந்த இரண்டாவது படத்தில். இன்று நாம் அவரோடு சேர்த்து நினைப்பவை அத்தனையும் இங்கேதான் வருகின்றன. ஹெர்பர்ட் லோம் நடித்த மேலதிகாரி டிரைஃபஸ், க்ளூசோவால் கண் துடிதுடித்துப் புத்தி பேதலிக்கும் மனிதர், இங்கேதான் பிறந்தார். சுருட்டு வெட்டும் கருவியில் தன் விரலையே வெட்டிக்கொள்வார். பர்ட் க்வோக் நடித்த கேட்டோ என்ற வேலைக்காரர், எஜமானர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்காக, அவர் வீட்டில் எந்த நேரத்திலும் பாய்ந்து தாக்கும் கடமை கொண்டவர். கிரஹாம் ஸ்டார்க் நடித்த அமைதியான உதவியாளர் எர்க்யூல் லாஜாயும் இங்கே உண்டு. முதல் படத்தில் லேசாக இருந்த பிரெஞ்சு உச்சரிப்பு இதில் தடித்தது. 1975க்குப் பிறகு வந்த படங்களில் ஆங்கிலம் பேசுபவர்களுக்கே புரியாத அளவுக்குப் போனது. கார் கதவைத் திறந்து இறங்கியவுடனே நீரில் விழுவது, வளைந்த கோலால் பில்லியர்ட்ஸ் மேசைத் துணியைக் கிழிப்பது எல்லாம் இந்தப் படம். பலூன் விற்பவர், ஓவியர், வேட்டைக்காரர் என்று மாறுவேடம் போட்டு, ஒவ்வொரு முறையும் உரிமம் இல்லாத குற்றத்துக்காகத் தன் துறையினராலேயே கைதாகும் தொடர் நகைச்சுவையும் இதில்தான். ஒரே ஒரு க்ளூசோ படம் பார்க்க நேரம் உண்டென்றால் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். இதில் வைரமும் கிடையாது, சிறுத்தையும் கிடையாது.

இனி கார்ட்டூன் பக்கம். 1963இல் வார்னர் பிரதர்ஸ் தன் கார்ட்டூன் பிரிவை மூடியது. பல ஆண்டுகள் அங்கே இயக்குநராக இருந்த ஃப்ரிஸ் ஃப்ரீலெங்கும், நிர்வாகம் பார்த்த டேவிட் டிபாட்டியும் சேர்ந்து டிபாட்டி-ஃப்ரீலெங் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களிடம் எட்வர்ட்ஸ் தன் படத்துக்கு டைட்டில் கேட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட சிறுத்தைகளை வரைந்து காட்டி, அதில் ஒன்றை அவர் தேர்ந்ததாகச் சொல்வார்கள். உருவத்துக்கு வடிவம் கொடுத்தவர் ஹாலி ப்ராட். மெலிந்த உடல், நீண்ட கால்கள், சோம்பலான நடை, வாயே திறக்காத நளினம். அது திருடனின் நளினம், க்ளூசோவின் தடுமாற்றம் இல்லை. நிவெனின் பாத்திரத்துக்கு நெருங்கிய உறவுக்காரன் அந்தச் சிறுத்தை.

இசையும் அப்படித்தான். ஹென்றி மான்சினியின் அந்தப் புகழ்பெற்ற மெட்டு ஃபான்டம் பூனைநடை போடும் காட்சிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. டெனர் சாக்ஸபோன் வாசித்தவர் ப்ளாஸ் ஜான்சன். டைட்டில் தயாரான முறை தெரிந்தால் அதன் ஒட்டுதல் ஏன் அவ்வளவு கச்சிதம் என்பது புரியும். மான்சினி முதலில் வரைபவர்களுக்குத் தாளத்தின் வேகத்தை மட்டும் கொடுத்தார். அவர்கள் அந்த வேகத்துக்குச் சிறுத்தையை நடக்கவிட்டார்கள். வரைந்து முடித்த காட்சியைப் பார்த்து, அடி விழும் இடம், திரும்பும் இடம் ஒவ்வொன்றுக்கும் இசையில் அழுத்தம் வைத்தார். வழக்கமான முறையில் படத்தின் மேல் இசையை ஒட்டியிருந்தால் இந்த நடை கிடைத்திருக்காது.

டைட்டில் பிடித்துப்போனதால் வெளியீட்டாளரான யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ், தியேட்டர்களில் ஓட்டத் தனிக் குறும்படங்கள் கேட்டது. 1964 டிசம்பரில் வந்த முதல் குறும்படம் 'தி பிங்க் ஃபிங்க்'. ஒரு குள்ள மனிதர் வீட்டுக்கு நீலம் அடிக்கிறார். சிறுத்தை பின்னாலேயே வந்து இளஞ்சிவப்பாக்குகிறது. ஆறேழு நிமிடத்தில் இந்த ஒரே மோதல். அதற்கே ஆஸ்கர் கிடைத்தது. மீசை வைத்த அந்தக் குள்ளரைப் பலர் க்ளூசோ என்று எண்ணிவிடுகிறார்கள். இல்லை. அவர் உருவத்துக்கு ஃப்ரீலெங்கையே மாதிரியாக எடுத்தார்கள்.

நீங்கள் கேட்ட 'தி இன்ஸ்பெக்டர்' பிறந்தது இரண்டாவது படத்தின் டைட்டிலிலிருந்து. 'எ ஷாட் இன் த டார்க்' படத்துக்கும் இதே நிறுவனம்தான் டைட்டில் செய்தது. படத்தில் வைரம் இல்லாததால் சிறுத்தைக்கு வேலையில்லை. அதற்குப் பதிலாக இருட்டில் துப்புத் தேடி அலைந்து, குண்டுவெடிப்பிலும் துப்பாக்கிச்சூட்டிலும் மாட்டும் ஒரு கார்ட்டூன் போலீஸ்காரரை வரைந்தார்கள். அந்த உருவத்தைச் சீர்செய்து எடுத்ததுதான் தொடர். அந்தப் படத்துக்கு மான்சினி எழுதிய மெட்டே தொடரின் முகப்பு இசையாகவும் ஆனது. முதல் குறும்படம் 'தி கிரேட் டி கால் ஸ்டோன் ஆபரேஷன்' 1965 டிசம்பரில் வந்தது. தியேட்டரில் அதோடு ஓடியது ஜேம்ஸ் பாண்டின் 'தண்டர்பால்'. ஒரே உடலில் மூன்று தலை கொண்ட மட்ஸோரைலி சகோதரர்களிடமிருந்து ஒரு மணிக்கல்லைக் காப்பது கதை. 1969 வரை மொத்தம் 34 குறும்படங்கள்.

இவர் க்ளூசோதானா என்றால், குருதியுறவு உண்டு, ஆள் வேறு. தொடரில் அவருக்குப் பெயரே கிடையாது. 'இன்ஸ்பெக்டர்' என்றுதான் அழைப்பார்கள். மேலதிகாரியும் வெறும் 'கமிஷனர்'. டிரைஃபஸின் சாயல் அதில் தெளிவாகத் தெரியும். உதவியாளர் சார்ஜென்ட் டூ-டூ. பிரெஞ்சில் 'இரண்டு இரண்டு' என்று பொருள். லாஜாய் நின்ற இடத்தில் இவர் நிற்கிறார், ஆனால் முழுக்கப் புதிய பாத்திரம். ஸ்பானியர், 'ஆம்' என்பதற்குப் பிரெஞ்சில் 'வீ' என்று சொல்லாமல் 'ஸீ' என்று சொல்லிவிடுவார். 'ஸீ சொல்லாதே, வீ சொல்' என்று இன்ஸ்பெக்டர் திருத்த, அதற்கும் 'ஸீ' என்றே பதில் வரும். இருவருக்கும் குரல் கொடுத்தவர் பாட் ஹாரிங்டன். பின்னால் வந்த சிலவற்றில் டான் மெஸ்ஸிக். கமிஷனருக்குப் பெரும்பாலும் பால் ஃப்ரீஸ். ஒரே ஆள் இரு குரலிலும் பேசுகிறார் என்பது தெரிந்து கேட்டால் அந்த 'ஸீ-வீ' சண்டையின் நேரக்கணக்கு இன்னும் ருசிக்கும்.

குணத்தில் இருக்கும் வேறுபாடு இன்னும் ஆழமானது. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சினிமா க்ளூசோவுக்குத் தான் தோற்றது தெரியாது. அவர் செய்யும் நாசத்தின் விலையைக் கொடுப்பவர்கள் சுற்றியிருப்பவர்கள், குறிப்பாக டிரைஃபஸ். கார்ட்டூன் இன்ஸ்பெக்டர் ஓரளவு விவரமானவர். திட்டம் போடத் தெரியும், ஆபத்து வந்தால் புரியும். அவரை அடிப்பது துரதிர்ஷ்டம், மேலிருந்து கமிஷனரின் கோபம், கீழிருந்து டூ-டூவின் சொதப்பல். வெடிகுண்டு அவர் கையில்தான் வெடிக்கும், கரி அவர் முகத்தில்தான் படியும், கடைசியில் திட்டும் அவருக்குத்தான். சினிமாவில் டிரைஃபஸ் சுமந்த துன்பத்தைக் கார்ட்டூனில் இன்ஸ்பெக்டர் சுமக்கிறார். இதற்குக் காரணம் வடிவத்திலேயே இருக்கிறது. செல்லர்ஸின் நகைச்சுவை, விழுந்த பிறகு அந்த முகம் தன்னை மீட்டுக்கொள்ளும் இரண்டு நொடியில் வாழ்வது. ஆறு நிமிடக் கார்ட்டூனில், குறைந்த அசைவுகளோடு வரையப்படும் முகத்தில், அந்த நுணுக்கத்தைக் கொண்டுவர முடியாது. அடி விழுவதையும் அதற்கான எரிச்சலையும் காட்டலாம். அதனால் அவர்கள் தங்களுக்குத் தெரிந்த வார்னர் காலத்து முறைக்குத் திரும்பினார்கள்: பிடிக்க நினைப்பவனே அடிவாங்குவான். ஜெரி சினிக்வி, ராபர்ட் மெக்கிம்சன் போன்ற இயக்குநர்களும் கதை எழுதிய ஜான் டன்னும் அந்தப் பட்டறையில் தேர்ந்தவர்கள்தான்.

கதைகளின் தலைப்புகளே பிரெஞ்சுச் சொற்களை வைத்து விளையாடுபவை. தமிழில் கொண்டுவர முடியாதவை. கதைகளில் நல்லவற்றைச் சொல்கிறேன். 'லண்டன் டெரியேர்' என்பதில் இன்ஸ்பெக்டர் லண்டனுக்குப் போகிறார். அங்கே போலீஸ் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற விதி அவரை ஒவ்வொரு முறையும் கட்டிப்போடும். ஒரே விதி, அதிலிருந்து மட்டுமே பிறக்கும் நகைச்சுவை என்று கட்டுக்கோப்பானது. 'லே மிஸெரோபாட்ஸ்' அவர் வேலையை ஒரு ரோபாட்டுக்குக் கொடுத்துவிடும் கதை. 'கனடியன் கேன்-கேன்' கனடாவில் நடப்பது; இரட்டை முகக் குற்றவாளியின் நல்ல முகத்தை மட்டுமே மற்றவர்கள் பார்ப்பார்கள், கெட்ட முகம் இன்ஸ்பெக்டருக்கு மட்டும். அநியாயம் தனக்கு மட்டுமே தெரியும்படி நடப்பது என்ற இந்த அமைப்பு இத்தொடருக்கு மிகப் பொருந்தியது. கடைசி ஆண்டுப் படங்களில் பின்னணி எளிமையாகி, வேகமும் குறைந்துவிடுகிறது. முதல் 15 அல்லது 16 படங்கள் போதும் என்பது என் கருத்து.

இந்தக் கார்ட்டூனின் முக்கியத்துவம் காலக்கணக்கில் இருக்கிறது. 1964க்குப் பிறகு செல்லர்ஸ் அடுத்த க்ளூசோ படத்தில் நடித்தது 1975இல். நடுவே 11 ஆண்டுகள். 1968இல் 'இன்ஸ்பெக்டர் க்ளூசோ' என்ற படம் வந்தது. ஆலன் ஆர்கின் நடிக்க, பட் யார்கின் இயக்கியது. எட்வர்ட்ஸ், செல்லர்ஸ், மான்சினி மூவருமே அதில் இல்லை. ஆர்கின் அருமையான நடிகர். ஆனால் அவர் நடித்த க்ளூசோ விழுந்தபின் குழம்புகிறார். குழம்பினால் க்ளூசோ இல்லை. எட்வர்ட்ஸும் செல்லர்ஸும் அந்தச் சமயத்தில் 'தி பார்ட்டி' என்ற வேறொரு நகைச்சுவைப் படம் செய்துகொண்டிருந்தார்கள். இப்படி வெறுமையாகக் கிடந்த அந்த ஆண்டுகளில் மான்சினியின் மெட்டையும், பிரெஞ்சு உச்சரிப்பு போலீஸ்காரர் என்ற எண்ணத்தையும் மக்கள் காதிலும் கண்ணிலும் வைத்திருந்தவை இந்தக் குறும்படங்கள். 1969 செப்டம்பரில் என்பிசி தொலைக்காட்சியில் 'தி பிங்க் பாந்தர் ஷோ' தொடங்கியபோது, இரண்டு சிறுத்தைக் கதைகளுக்கு நடுவே ஒரு இன்ஸ்பெக்டர் கதை என்று அடுக்கினார்கள். தொலைக்காட்சியில் வளர்ந்தவர்கள் சிறுத்தையையும் இன்ஸ்பெக்டரையும் ஒரே கதையின் ஆள்கள் என்று எண்ணுவது இந்த அடுக்கால்தான்.

1975இல் 'தி ரிடர்ன் ஆஃப் த பிங்க் பாந்தர்' வந்தபோது வைரமும் திரும்பியது, சிறுத்தையும் திரும்பியது. அந்தப் படத்துக்கும் அடுத்த ஆண்டுப் படத்துக்கும் டைட்டில் செய்தது ரிச்சர்ட் வில்லியம்ஸின் ஸ்டுடியோ. கோடுகளின் நுணுக்கம் வேறுபடுவதை உடனே கவனிக்கலாம். 1976, 1978 படங்களில் வைரமே இல்லை, ஆனால் பெயர் மட்டும் பிங்க் பாந்தர். அதற்குள் கல்லின் பெயர் க்ளூசோவின் முத்திரையாகிவிட்டது. 1976 படத்தின் முடிவில் டிரைஃபஸ் மறைந்தே போகிறார். 1978இல் எந்த விளக்கமும் இல்லாமல் வந்து நிற்கிறார். இந்தப் படங்களில் கதைத் தொடர்ச்சியைத் தேடாதீர்கள். செல்லர்ஸ் 1980 ஜூலையில் இறந்தார். 1982இல் வந்த 'டிரெயில் ஆஃப் த பிங்க் பாந்தர்' படம், 1976 படத்தில் வெட்டிப்போட்ட துண்டுகளைச் சேர்த்து அவரை உயிரோடு காட்ட முயன்றது. அவர் மனைவி வழக்குப் போட்டு வென்றார். அதைத் தவிர்க்கலாம்.

பார்க்க வேண்டிய வரிசை: முதலில் 'எ ஷாட் இன் த டார்க்', டைட்டிலை ஓட்டிவிடாமல். உடனே 1965இன் முதல் இன்ஸ்பெக்டர் குறும்படம். டைட்டிலில் வந்த உருவம் பாத்திரமாவதை அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் உணர முடியும். அதன்பின் 1963 படம், கடைசியாக 1975 படம். குறும்படங்களைத் தேடும்போது ஒரு எச்சரிக்கை: தொலைக்காட்சிக்காக மாற்றிய பிரதிகளில் பின்னணியில் பார்வையாளர் சிரிப்பொலி சேர்த்திருக்கும். நகைச்சுவைக்கு நடுவே விட்ட மௌனங்களை அந்தச் சிரிப்பு மூடிவிடும். சிரிப்பொலி கேட்டால் நிறுத்திவிட்டு, தியேட்டர் பிரதியைத் தேடுங்கள்.